கார்லைல் அணியின் 1912ஆம் ஆண்டு ஆட்டப் பருவம்: ஒரு பழைய நாளிதழ்த் தளத்தின் மதிப்புரை

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், மானுடப் புலங்களுக்கான அந்நாட்டுத் தேசிய நிதியத்தோடு சேர்ந்து 2007 முதல் நடத்திவரும் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' என்னும் பழைய நாளிதழ்த் தளத்தை, ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஓராண்டு ஆட்டங்களை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படிப்பதற்காகவே கடந்த மழைக்காலத்தில் பயன்படுத்தினேன். 2 கோடிக்கும் மேற்பட்ட நாளிதழ்ப் பக்கங்கள் உள்ள அந்தத் தளத்தில் பதிவு செய்யவும் வேண்டியதில்லை, பணம் கட்டவும் வேண்டியதில்லை. நூறாண்டுக்கு முந்தைய ஓர் ஆட்டப் பருவத்தை அன்றைக்கு அன்றே எழுதியவர்களின் எழுத்தில் படிக்க இதற்கு நிகரான இலவச வசதியை நான் கண்டதில்லை. ஆனால் அந்த நாளிதழ்களோடு மட்டும் நிறுத்திக்கொண்டால், மைதானத்தில் ஆடியவர்கள் யார் என்பது கடைசி வரைக்கும் விளங்காது. அதற்கு இன்னொரு தளத்தின் துணை வேண்டும். அதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

நான் தேர்ந்தெடுத்தது பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளியின் அணி. 'இந்தியர்' என்று இங்கே சொல்லப்படுவோர் அமெரிக்க முதற்குடிகள். பெயரளவில் அது பள்ளி; ஆனால் மோதியதெல்லாம் நாடறிந்த கல்லூரிகளோடுதான். பெருமாள்மலைப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் என் மாணவர்களில் பலர் பழனி மலையின் பளியர் குடியிருப்புகளிலிருந்தும் உள்கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள். மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஓர் உறைவிடப் பள்ளியில் ஒன்றுசேர்ந்து, நாட்டின் பெரிய கல்லூரிகளையெல்லாம் வென்ற ஒரு பருவம் உண்மையிலேயே இருந்தது என்பதை அவர்களுக்கு அச்சில் காட்ட வேண்டும் என்று விரும்பினேன். அச்சில் காட்ட முடிந்தது. அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வேறு பலவும் கிடைத்தன.

பள்ளியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நாளிதழ்கள் அதைச் சொல்வதே இல்லை. 1879இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்னும் இராணுவ அதிகாரி, கைவிடப்பட்ட ஒரு படைமுகாமில் அதைத் தொடங்கினார். அமெரிக்க முதற்குடிகளின் பிள்ளைகளைத் அரசு அவர்களுக்கென ஒதுக்கிய தொலைதூர ஒதுக்கிடங்களிலிருந்து தொடர்வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, தலைமுடியை வெட்டி, தாய்மொழியைத் தடைசெய்து, ஆங்கிலப் பெயர் சூட்டி, பாதி நாள் படிப்பும் பாதி நாள் உடலுழைப்புமாக வளர்த்தார்கள். 'இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று' என்று பிராட் வெளிப்படையாகவே பேசினார். 1918இல் பள்ளி மூடப்பட்டபோது, ஊருக்குத் திரும்பாமலே இறந்துபோன 180க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கல்லறைகள் அங்கே இருந்தன. அதே காலகட்டத்தில், 1901இல், நம் கொடைக்கானலிலும் அமெரிக்க மிஷனரிகள் ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார்கள். கடல் கடந்து வந்த தங்கள் பிள்ளைகள் தங்கள் மொழியிலும் தங்கள் முறையிலும் படிக்க வேண்டும் என்பதற்காக. ஒரே நாட்டார் ஒரே காலத்தில் தம் பிள்ளைகளுக்கு எதைக் காத்துக் கொடுத்தார்கள், பிறர் பிள்ளைகளிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்பதை இந்த மலையில் இருந்துகொண்டு படிக்கும்போது மனம் கனக்கிறது.

இனித் தளத்துக்கு வருகிறேன். தேடுபெட்டியில் பெயரைத் தட்டி, ஆண்டு, மாதம், நாள் எல்லையையும் மாநிலத்தையும் குறித்தால், அந்தச் சொல் வரும் பக்கங்களின் படங்கள் வரிசையாக வரும். சொல் இருக்கும் இடம் வண்ணத்தில் காட்டப்படும். இரண்டு சொற்கள் அருகருகே வரும் பக்கங்களை மட்டும் கேட்டுப் பெறவும் வழியுண்டு. இவையெல்லாம் நன்றாகவே இயங்குகின்றன. ஆயினும் அச்செழுத்தைப் படித்துத் தருவது மென்பொருள் என்பதால், மை பரவிய பத்தியிலும் மடிப்பு விழுந்த ஓரத்திலும் பெயர்கள் சிதைந்து பதிவாகியிருக்கும். விளையாட்டுப் பக்கத்தின் பொடி எழுத்தில் இந்தச் சிதைவு இன்னும் அதிகம். ஆகவே பெயரால் தேடுவதைக் காட்டிலும் நாளால் தேடுவதே சிறந்தது என்பது என் அனுபவம். அந்நாளில் கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமையில் நடந்தன. ஞாயிறு காலை இதழின் விளையாட்டுப் பக்கத்தை நேராகத் திறந்துவிட்டால் ஆட்டத்தின் முழு விவரமும் அங்கே இருக்கும். நியூயார்க்கின் 'சன்', 'டிரிப்யூன்' இரண்டும், வாஷிங்டனின் 'ஹெரால்ட்', 'டைம்ஸ்' இரண்டும் இந்தப் பருவத்துக்குப் போதிய துணை. வட்டார நாளிதழ்கள் பலவும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஒரு பத்திச் செய்தியும் புள்ளி விவரமும்தான்.

படிக்கத் தொடங்குமுன் அந்த ஆண்டின் விதிகளை அறிந்துகொள்வது அவசியம். இல்லையேல் செய்திகள் புரியா. அமெரிக்கக் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் ஓடும் ஆட்டம். 1905ஆம் ஆண்டுப் பருவத்தின் தொடக்கத்தில், ஆட்டத்தின் முரட்டுத்தனம் பற்றிக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்; அந்தப் பருவத்தில் மைதானங்களில் இளைஞர்கள் பலர் உயிரிழந்தார்கள்; மறு ஆண்டிலிருந்து பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி மாறியது. 1912இல் மீண்டும் பெரிய மாற்றம் வந்தது. 110 கஜ மைதானம் 100 கஜமாகக் குறைந்தது. 10 கஜம் முன்னேற மூன்று வாய்ப்புக்குப் பதில் நான்கு வாய்ப்புக் கிடைத்தது. பந்தை எதிரணியின் கடைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு 5 புள்ளி போய் 6 புள்ளி வந்தது. எறியும் பந்து 20 கஜத்துக்கு மேல் போகக் கூடாது என்ற தடையும் நீங்கியது. உடல் எடையை நம்பி ஒரே இடத்தில் முட்டிமோதும் அணிகளுக்கு இருந்த வசதி குறைந்து, வேகத்தையும் ஏமாற்று ஓட்டத்தையும் நம்பிய அணிகளுக்கு வழி திறந்தது. கார்லைல் பிள்ளைகள் எடையில் குறைந்தவர்கள், வேகத்தில் மிகுந்தவர்கள். அவர்களின் பயிற்சியாளர் கிளென் வார்னர், விதிப்புத்தகத்தின் இடுக்குகளையெல்லாம் அறிந்தவர். அந்தப் பருவம் அப்படி அமைந்ததற்குக் காரணம் இந்த இரண்டும்தான் என்பது என் எண்ணம். அணியின் புகழ்பெற்ற வீரர் ஜிம் தார்ப் என்ற தனிமனிதனின் திறமை இவற்றுக்குப் பின்னரே வருகிறது.

தார்ப் அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லான், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்று திரும்பியிருந்தார். அதே பள்ளியின் லூயிஸ் டெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். ஒரே பள்ளியிலிருந்து இருவர்! செப்டம்பர் 21 அன்று ஆல்பிரைட் கல்லூரியை 50–7 என்று வென்று அணி பருவத்தைத் தொடங்கியபோது, அதன் தலைவர் தார்ப்தான். லெபனான் வேலி 45–0, டிக்கின்சன் 34–0, வில்லனோவா 65–0 என்று செப்டம்பரும் அக்டோபர் முதல் வாரமும் ஓடிவிடுகின்றன. இவற்றுக்கு நாளிதழ்கள் அதிக இடம் தரவில்லை, நானும் தரப்போவதில்லை. அக்டோபர் 5 அன்று வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரியோடு 0–0 என்று முடிந்த ஆட்டம்தான் முதல் திடுக்கிடல். அடுத்த வாரமே சிரக்யூஸை 33–0 என்று வென்று அணி தன் நிலைக்குத் திரும்பியது.

அக்டோபர் 26, சனிக்கிழமை, வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் கல்லூரியோடு நடந்த ஆட்டத்தைத் தளத்தில் படிப்பது தனி இன்பம். ஆட்டம் நடந்த ஊரின் நாளிதழ்களே கைவசம் இருப்பதால், ஆட்டத்துக்கு முந்தைய நாள்களின் எதிர்பார்ப்பு, ஆட்டத்தின் நகர்வுகள், மறுநாளின் அலசல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கின்றன. கார்லைல் 34–20 என்று வென்றது. ஞாயிறு ஒரு நாள் இடைவெளியில் எல்லை கடந்து கனடாவின் டொராண்டோவுக்குப் போய், திங்கட்கிழமை அங்கே 49–1 என்று வென்றது. அமெரிக்க விதிப்படி தனியாக வர முடியாத அந்த ஒற்றைப் புள்ளிதான் ஆட்டம் கனடிய மண்ணில் நடந்ததை நினைவூட்டுகிறது. மூன்று நாளில் இரண்டு ஆட்டம், நடுவில் நெடும்பயணம். என் பொறுப்பில் உள்ள பிள்ளைகளை இப்படி ஆடவைக்க எந்தப் பெற்றோரும் ஒப்பமாட்டார், நானும் ஒப்பமாட்டேன். நுழைவுக்கட்டண வருமானத்துக்காகவே அந்த அணி பெரும்பாலும் வெளியூர் மைதானங்களில் ஆடியது. பள்ளியின் நிர்வாகத்தையும் விளையாட்டு நிதியையும் 1914இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது மாணவர்களே முன்வந்து முறையிட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், 1912இன் வெற்றிச் செய்திகளை வேறு கண்ணோடு படிக்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 9 அன்று ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியோடு நடந்த ஆட்டம்தான் பருவத்தின் உச்சம். லகோட்டா மக்களை வூண்டட் நீ ஓடையருகே அமெரிக்க இராணுவம் கொன்று குவித்து அப்போது 22 ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. அந்த இராணுவத்தின் வருங்கால அதிகாரிகள் ஒரு பக்கம்; அமெரிக்க முதற்குடிகளின் பிள்ளைகள் மறுபக்கம். இராணுவ அணியில் ஆடியவர்களில் டுவைட் ஐசனோவரும் ஒருவர். பின்னாளில் இரண்டாம் உலகப் போரின் தளபதியாகவும் குடியரசுத் தலைவராகவும் ஆனவர் அவர். பின்கள வீரர்களை இருபுறமும் விரித்து நிறுத்தும் புதிய அணிவகுப்பை வார்னர் இந்த ஆட்டத்தில் களமிறக்கினார். பந்து எங்கே போகிறது என்பது எதிரணிக்குப் பிடிபடவில்லை. கார்லைலின் ஜோ கையனைத் தாக்கியதற்காக இராணுவ அணியின் தலைவர் டெவோர் வெளியேற்றப்பட்டார். ஆட்டம் 27–6 என்று முடிந்தது. மறுநாள் நியூயார்க் இதழ்களின் வியப்பை இன்றைக்குப் படித்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. வகுப்பில் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் திரையிட்டேன்.

அடுத்த சனிக்கிழமையே பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 26–34 என்று தோற்றார்கள். பருவத்தின் ஒரே தோல்வி இது. அணி 14 ஆட்டங்களில் 504 புள்ளி எடுத்து 114 புள்ளி மட்டுமே கொடுத்தது. அந்த 114இல் 34 இந்த ஒரே நாளில் போனவை. தளத்தில் உள்ள பிலடெல்பியா இதழ்களில் முதன்மையான 'ஈவினிங் லெட்ஜர்' 1914இல்தான் தொடங்கியது. ஆகையால் இந்தத் தோல்வியை நியூயார்க், வாஷிங்டன் இதழ்களின் வழியே படிக்க வேண்டியிருக்கிறது. இது ஒரு குறைதான். பழைய இதழ்களைத் தாங்களே விலைக்குத் தரும் பெரிய நாளிதழ்களும் இதில் இடம்பெறவில்லை. நவம்பர் 28, நன்றி நவிலும் நாளில், பிரவுன் பல்கலைக்கழகத்தை 32–0 என்று வென்று அணி பருவத்தை முடித்தது. தார்ப் அந்த ஆண்டு 25 டச்டவுன்கள் உட்பட 198 புள்ளி எடுத்தார் என்பது பரவலான கணக்கு; அதற்கும் கூடுதலாகக் கணக்கிடுவோரும் உண்டு. சிறு ஆட்டங்களின் செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதைத் தளத்தில் நேரிலேயே பார்த்தால் இந்த வேறுபாடு வியப்பாக இராது.

நாளிதழ்களின் மொழியைப் பற்றி எச்சரிக்காமல் இந்தத் தளத்தை ஆசிரியர்களுக்குப் பரிந்துரைப்பது தவறாகும். கார்லைல் வென்றால் 'செந்தோலர்கள் தலைத்தோலை உரித்தார்கள்'. தோற்றால் 'வெள்ளையரின் மூளை வென்றது' என்ற பாணியில்தான் அன்றைய விளையாட்டுப் பக்கங்கள் எழுதின. கேலிச்சித்திரங்களில் இறகும் கோடரியும் இல்லாத கார்லைல் வீரரைக் காண்பது அரிது. பயிற்சியிலும் திட்டத்திலும் பிறந்த ஆட்டத்தை, காட்டில் பிறந்ததால் வந்த இயல்பு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். என் மாணவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஓட்டப்பந்தயத்தில் வென்றால் 'மலையில ஏறி இறங்குற பசங்கதானே' என்று கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். விடியற்காலைப் பனியில் அவர்கள் ஓடிய பயிற்சி யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆட்டச் செய்தியின் அடியில் வீரர் பட்டியல் ஒன்று எப்போதும் இருக்கும். இடப்பக்கம் ஓர் அணி, வலப்பக்கம் மற்ற அணி, நடுவில் ஆடிய நிலையின் பெயர். லார்ஜ், கையன், கலாக், பெர்கி, புஷ், கார்லோ, வெல்ச், அர்க்காசா, தார்ப், பவல் என்று குடும்பப் பெயர் மட்டும். அந்தப் பட்டியலைப் பெரிதாக்கிக் காட்டியபோது ஒரு மாணவி, "சார், இவங்க எல்லாரும் ஒரே ஊர்க்காரங்களா?" என்று கேட்டாள். நாளிதழில் அதற்கு விடை இல்லை. அதற்கு அவர்கள் எல்லாரும் 'இந்தியர்கள்', அத்தோடு சரி.

விடை கிடைத்தது கார்லைல் ஊரிலேயே உள்ள டிக்கின்சன் கல்லூரி நடத்தும் கார்லைல் இந்தியப் பள்ளி எண்ணியல் ஆவண மையத்தில். 1912இல் 34–0 என்று தோற்ற அதே டிக்கின்சன்தான் இன்று அந்தப் பிள்ளைகளின் ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து படியெடுத்து, உலகத்துக்கு இலவசமாகத் தருகிறது. பெயராலும் தேடலாம், இனக்குழுவாலும் தேடலாம். தார்ப் ஒக்லஹோமாவின் சாக் அண்ட் ஃபாக்ஸ் மக்களைச் சேர்ந்தவர். கஸ் வெல்ச் விஸ்கான்சினின் ஓஜிப்வே. கையன் மினசோட்டாவின் ஒயிட் எர்த் ஒதுக்கிடத்து ஓஜிப்வே. பவல் வட கரோலைனாவின் செரோக்கி. புஷ் கலிஃபோர்னியாவின் போமோ. மொழியும் நிலமும் உணவும் வேறு வேறானவர்கள். பளியரையும் புலையரையும் சேர்த்து 'மலைவாசி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அந்த மையத்தில் உள்ள மாணவர் அட்டைகளைத் தவறாமல் பார்க்க வேண்டும். பெயர், இனம், வயது, உயரம், எடை, வந்த நாள், போன நாள், போன காரணம் என்று கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். தந்தை உயிரோடு இருக்கிறாரா, தாய் உயிரோடு இருக்கிறாரா என்பதற்கும் கட்டம் உண்டு. அங்கே ஒரே ஒரு சொல் கையால் எழுதப்பட்டிருக்கும். நாளிதழில் மூன்று பத்தி அளவுக்குப் புகழப்பட்ட வீரர் இந்த அட்டையில் ஒரு வரியாகச் சுருங்கிப்போகிறார். ஆனால் நாளிதழ் ஒருபோதும் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. முகப்பும் வகைப்பாடும் தெளிவாக இருப்பதால், இணையத்தில் அதிகம் பழகாதவர்களும் இந்தத் தளத்தைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பள்ளியில் அச்சிடப்பட்ட இதழ்களும் அங்கே படிக்கக் கிடைக்கின்றன. அவை நிர்வாகத்தின் கண்காணிப்பில் வந்தவை என்பதை மட்டும் மறக்கலாகாது.

நாளிதழ்த் தளத்தில் பருவத்தை முடித்தவர்கள் 1913 ஜனவரி இறுதி இதழ்களையும் பார்த்துவிட வேண்டும். தார்ப் 1909, 1910ஆம் ஆண்டுகளில் வட கரோலைனாவில் சிறு தொகைக்குப் பேஸ்பால் ஆடியது வெளியாகி, பணத்துக்கு ஆடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்ற அன்றைய விதிப்படி ஒலிம்பிக் பதக்கங்கள் பறிக்கப்பட்ட செய்தி முதல் பக்கங்களில் வந்தது. தாம் ஒன்றும் அறியாத ஓர் இந்தியப் பள்ளி மாணவர் என்று மன்னிப்புக் கோரும் அவருடைய கடிதமும் அச்சானது. அந்தக் கடிதத்தில் வார்னரின் கை இருந்தது என்று கருதும் ஆய்வாளர் பலர். ஒலிம்பிக் குழு அவரை மீண்டும் தனி வெற்றியாளராக அறிவித்தது 2022இல்தான். அவர் இறந்து 69 ஆண்டுகள் கழித்து.

மலையில் இருந்துகொண்டு இந்தத் தளங்களைப் பயன்படுத்துவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். நாளிதழ்ப் பக்கம் அகலமானது. கைபேசித் திரையில் பார்த்தால் பத்தி பத்தியாக இழுத்து இழுத்துக் கண் வலித்துவிடும். கணினி வேண்டும். ஒவ்வொரு பக்கமும் சில மெகாபைட் அளவுள்ளதால், மழை பிடித்து அலைவரிசை தடுமாறும் நாள்களில் பக்கம் முழுதாகத் தெளிய நேரமாகும். வேண்டிய பக்கங்களைக் காலையிலேயே பிடிஎஃப் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் மாலை வகுப்புக்குத் தடையிராது. முழுப் பக்கத்தைச் சாதாரணத் தாளில் அச்சிட்டால் எழுத்து தெரியாது. வேண்டிய செய்தியை மட்டும் வெட்டியெடுக்கும் வசதி தளத்திலேயே இருக்கிறது. அதைக் கொண்டுபோய் மூஞ்சிக்கல் பக்கம் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் எடுத்தால் சுவரில் ஒட்டும் அளவுக்குத் தெளிவாக வரும். அந்தக் கால இதழ்களுக்குக் காப்புரிமைத் தடை இல்லை என்பதால் பள்ளிப் பயன்பாட்டுக்கு யாரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.

புதிதாகத் தொடங்குவோர் 1912 அக்டோபர் 27, நவம்பர் 10 ஆகிய இரண்டு ஞாயிறு இதழ்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம். வீரர் பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்து, அதே நாளில் டிக்கின்சன் தளத்தில் அவருடைய அட்டையையும் தேடிப் பார்க்கட்டும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதாது. ஆகவே பள்ளிகளில் இதைச் செய்ய நினைப்போர் விடுமுறை வாரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.